நேற்றைய தண்ணீர்

கடற்கரையில் அவளுக்குப் பெயர் பாட்டிலக்கா. நனைவதற்கென்றே வைத்திருக்கும் பழைய கால்சட்டையோடு விடிந்தும் விடியாமலும் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், பாட்டிலைத் தலைகீழாக அமுக்கி, உள்ளே வைத்தே நிமிர்த்தி, நிறைந்ததும் மூடிக்கொண்டு கரையேறுவதைப் பார்த்த பிள்ளைகள் வைத்த பெயர் அது. விஷயம் தெரியாதவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். கட்டிய பெண்டாட்டியை ஊரே பாட்டிலக்கா என்று கூப்பிட்டால் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று அவள் கணவன் அலுத்துக்கொள்வான். அலுத்துக்கொள்கிற மனிதன்தான் போனிலும் அவள் எண்ணை அந்தப் பெயரிலேயே சேமித்து வைத்திருந்தான்.

நகராட்சி ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கடலில் குளிக்கலாமா கூடாதா என்று சொல்வது. கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் அதில் உள்ள கொடுமை தெரியும். கிருமி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை வடிகட்டி, தட்டில் வைத்து, அதற்குச் சாப்பாடு போட்டு, இன்குபேட்டர் சூட்டில் ஒரு நாள் வளரவிட்டால்தான் நீலப் புள்ளியாக முகம் காட்டும். ஆகவே இன்றைக்கு எடுத்த தண்ணீரின் லட்சணம் நாளைக்குத்தான் தெரியும். மக்கள் பச்சைக் கொடியைப் பார்த்துவிட்டு இன்றைய கடலில் இறங்குகிறார்கள். கொடி சொல்வதோ நேற்றைய கடலைப் பற்றி. இதை யாரிடமாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். அவளால் மட்டும் கொடி ஏற்றும் எந்தக் காலையிலும் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை.

அந்தக் கடற்கரையில் இரண்டு இடத்தில் தண்ணீர் எடுப்பார்கள். ஒன்று, படிக்கட்டுக்கு எதிரே, ஜனங்கள் குளிக்கும் இடம். அங்கே அவளே இறங்குவாள். இன்னொன்று, வடக்கே தள்ளி, கால்வாய் கடலில் கலக்கும் இடம். ஊர்ச் சாக்கடையில் பாதி யார் கண்ணிலும் படாமல் அந்தக் கால்வாயில்தான் சேருகிறது. அங்கே ஆய்வக வண்டியின் டிரைவர் நீளக் கம்பில் பாட்டிலைக் கட்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டு, எட்டி முகந்து வருவார். கால்வாய்த் தட்டு என்றைக்கும் அம்மை போட்டதுபோல நீலமாக இருக்கும். படிக்கட்டுத் தட்டு என்றைக்கும் நல்ல பிள்ளை.

எந்தப் பாட்டில் எந்த இடத்துடையது என்பதை அந்த ஆய்வகத்தில் மூடியின் மேல் எழுதுவார்கள். பாட்டிலின் உடம்பில் எழுதினால் ஐஸ் பெட்டியின் ஈரத்தில் மை கரைந்துவிடுகிறது. மூடியில் எழுதினால் பெட்டியைத் திறந்ததும் மேலிருந்தே படிக்கலாம். வசதியான வழக்கம். ஒரு நேரத்தில் ஒரு பாட்டிலை மட்டும் திறக்கிறவரைக்கும் எந்த வம்பும் இல்லை.

சனிக்கிழமை அவள் இரண்டையும் திறந்துவிட்டாள். மறுநாள் பிள்ளைகளுக்கான கடல் நீச்சல் போட்டி. அதில் அவள் மகளும் நீந்துகிறாள். அந்தப் பரபரப்பில் கை தானாக வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு மூடியும் மேசைமேல் அருகருகே கிடக்க, போன் அடித்தது. மகள்.

"அம்மா, நாளைக்குத் தண்ணி நல்லாயிருக்குமா? பூனை கேக்கறா."

பூனை என்பது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண். தண்ணீரைக் கண்டாலே சுவரோரம் ஒதுங்குவாள் என்பதால் அந்தப் பெயர். ஒரு கோடை முழுவதும் மகள்தான் அவளைக் கெஞ்சிக் கொஞ்சி நீந்தப் பழக்கியிருந்தாள். நாளைக்கு அவளும் இறங்குகிறாள். காலையில் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள் அம்மா. நீ சொன்னால்தான் இறங்குவோம் என்று மகள் போனை வைத்தாள். அம்மா திரும்பி வந்து வடிகட்டி, தட்டில் வைத்து, மீந்த தண்ணீரோடு பாட்டில்களை மூடி, மூடியில் இருந்த பெயரையே தட்டிலும் எழுதிக்கொண்டு, பாட்டில்களைக் குளிர்பெட்டிக்குள் தள்ளினாள். எந்த மூடியை எதற்குப் போட்டோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆய்வகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. இன்குபேட்டரைத் திறந்து, தட்டுகளை விளக்குக்குக் கீழே வைத்தாள். கால்வாய் என்று எழுதிய தட்டில் புள்ளியே இல்லை. படிக்கட்டு என்று எழுதிய தட்டில் எண்ண முடியாத அளவுக்கு நீலம்.

தட்டுகளைத் திருப்பித் திருப்பி எழுத்தைப் படித்தாள். கால்வாய் எப்படிச் சுத்தமாகும்? பிறகு நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. மேசைமேல் கிடந்த இரண்டு மூடியும் நினைவுக்கு வந்தன. மாறிவிட்டிருக்கிறது. மூடி மாறிப்போய், அந்த மூடியைப் பார்த்துத் தட்டிலும் பெயரை மாற்றி எழுதியிருக்கிறோம். அப்படித்தான் இருக்க வேண்டும். தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று ஒரு மனுஷி இவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொண்டது அந்தக் கட்டடத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் வேண்டிக்கொள்வதும் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பது அவளுக்கே தெரியும். ஆய்வகத் தலைவரைப் போனில் எழுப்பினாள். எழுப்பத் தயக்கமாகத்தான் இருந்தது. போன கோடையில், கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு விடுமுறை நாளில், அவள் பேச்சைக் கேட்டுச் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். மறுநாள் தட்டைப் பார்த்தால் தண்ணீர் பளிங்கு. கடைக்காரர்கள் ஆய்வக வாசலில் வந்து நின்று கத்தியதையும், தலைவர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததையும் அவள் மறக்கவில்லை. தலைவர் நல்ல மனிதர். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவளைக் கூடுதலாக அரித்தது.

தலைவர் முழுவதும் கேட்டார். பதறவில்லை. மீந்த தண்ணீர் இருக்கிறதல்லவா, உப்பு பார் என்றார். கால்வாயில் வருவது, அழுக்கானாலும், உப்பில்லாத நல்லதண்ணீர். கடலில் கலந்தாலும் உப்பு குறைவாகக் காட்டும். அழுக்குத் தண்ணீரில் உப்பு குறைந்திருந்தால் அது கால்வாய். மூடி மாறியது உறுதி. இவ்வளவு எளிய வழி தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயந்தவள் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

உப்பு மீட்டரின் முனையைக் கழுவித் துடைத்து, முதல் பாட்டிலில் விட்டாள். சுத்தமான தட்டுக்குரிய தண்ணீர். அசல் கடல் உப்பு. அழுக்குத் தட்டுக்குரிய பாட்டிலில் விட்டாள். எண் இறங்கிக் காட்டியது. மறுபடி கழுவி, மறுபடி விட்டாள். அப்போதும் அதேதான். நல்லதண்ணீர் கலந்திருக்கிறது. கால்வாய்தான்.

வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. தலைவரிடம் சொன்னாள். பச்சை ஏற்றச் சொல்லு, இனிமேல் மூடியில் எழுதும் வேலையை விடு என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். உயிர்காப்பாளரைக் கூப்பிட்டுப் பச்சை என்றாள். அப்புறம் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்திருக்கிறாள் மகள். முதல் மணிக்கே எடுத்தாள்.

"தண்ணி நல்லாயிருக்கும்மா. தைரியமா இறங்கு."

போட்டியைப் பார்க்கும் ஆசையில் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறினாள். உப்பு மீட்டரும் கோட்டுப் பையிலேயே இருந்தது. டிரைவர் பேச்சுக்காரர். பேச்சு இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்பது அவருடைய எண்ணம். பாலம் தாண்டும்போது, கால்வாய்ப் பக்கம் நாற்றம் போனதே பெரிய நிம்மதி என்று தானாக ஆரம்பித்தார். நேற்றுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மூக்கைப் பொத்தக்கூட வேண்டியிருக்கவில்லையாம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, ஏன் என்று ஒப்புக்குக் கேட்டாள்.

"அதான் வெள்ளிக்கிழமையே மிஷின் விட்டு மண்ணைத் தள்ளி வாயை அடைச்சுட்டாங்களேம்மா. போட்டிக்கு ஆளுங்க வர்றாங்க, நாறக் கூடாதுன்னு. ஒரு சொட்டு கடலுக்குப் போகல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. அர்த்தம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. வெள்ளிக்கிழமையே கால்வாய் அடைபட்டிருக்கிறது. அப்படியானால் சனிக்கிழமை இவர் அங்கே முகந்தது மண்மேட்டுக்கு வெளியே இருந்த வெறும் கடல். உப்பு. சுத்தம். அந்தத் தட்டில் புள்ளி இல்லாதது சரி. கால்வாய் என்று எழுதியதும் சரி. மூடி மாறவே இல்லை. நல்லதண்ணீர் கலந்த அந்த அழுக்குப் பாட்டில், அவளே இடுப்பளவு இறங்கி, அவள் கையாலேயே எடுத்தது.

அடைத்த சாக்கடை எங்கே போகும்? வேறு வழி தேடிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்திருக்கிறது.

"அண்ணே, வேகமாப் போங்க," என்றாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு தடவை எதுவும் பேசாமல் வண்டியை மிதித்தார்.

மகளோடு கடற்கரைக்குப் போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போட்டிக்கு வந்த கூட்டத்தின் இரைச்சலில் போன் எந்தப் பையின் அடியில் கிடக்கிறதோ. உயிர்காப்பாளரைக் கூப்பிட்டாள். அவர் தண்ணீருக்குள் நிற்பார், எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் கூப்பிட்டாள். தலைவர் எடுத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். பிறகு, போன கோடை மாதிரி ஆகிவிடாதே என்று மெதுவாகக் கேட்டார். கேட்டதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகட்டும் சார், கடைக்காரங்க வந்தா நானே வெளிய வந்து நிக்கிறேன் என்றாள். நானும் வர்றேன் என்று அவர் போனை வைத்தார்.

கடற்கரை கொடிகளும் குடைகளுமாக நிறைந்திருந்தது. காற்றில் பச்சைக் கொடி படபடத்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலேயே பார்த்தாள். போட்டி இன்னும் தொடங்கவில்லை. ஆனால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள என்று பிள்ளைகளை முன்கூட்டியே இறக்கிவிட்டிருந்தார்கள். கலர் கலராகத் தலைகள் அலையில் மேலும் கீழும் போய்வந்தன. அதில் எந்தத் தலை தன்னுடையது என்று தேடக்கூட அவள் நிற்கவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போதே அது கண்ணில் பட்டது. கடைசிப் படிக்கு அடியில், கால்வாயோடு சேர்ந்திருந்த, உபயோகத்தில் இல்லாத பழைய மழைநீர்க் குழாய். அதன் இரும்பு மூடி ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதன் வழியாக மெல்லிய ஓடை ஒன்று சத்தமில்லாமல் மணலில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்க்கத் தெளிவாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் அதில் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நேற்று அந்த அரை இருட்டில் இதைத் தாண்டித்தான் அவள் இறங்கியிருக்கிறாள். குனிந்து மீட்டரை விட்டாள். உப்பே இல்லை.

ஒலிபெருக்கியோடு நின்றிருந்தவர் நீச்சல் ஆசிரியர். நிறுத்த வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் கொடிக்கம்பத்தைக் காட்டினார். காலையில் உங்கள் ஆய்வகம்தானே பச்சை என்றது, மணிக்கொரு பேச்சா என்றார். அவர் கேட்டது நியாயம். நியாயத்தைப் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியை அவளே வாங்கினாள். அவர் தந்தாரா, இவள் பிடுங்கினாளா என்று பின்னால் இருவருக்கும் நினைவில்லை.

"பச்சைன்னு சொன்னது நான்தான். நான் சொன்னது தப்பு. தண்ணி கெட்டுப்போயிருக்கு. பிள்ளைங்க எல்லாரும் இப்பவே வெளிய வாங்க."

 பிறகு உயிர்காப்பாளரின் விசில் விடாமல் ஊதியது, பச்சை இறங்கியது, சிவப்பு ஏறியது. பெற்றவர்கள் துண்டுகளோடு ஓடினார்கள். யாரோ அவளைத் திட்டினார்கள். யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் கடைசியாக வந்தாள், பூனையின் கையைப் பிடித்துக்கொண்டு. இருவரும் தலைமுழுக்க நனைந்திருந்தார்கள். அவள் மண்டியிட்டு மகளின் வாயைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். வாய்க்குள் தண்ணீர் போனதா என்று கேட்டாள். கொஞ்சம் என்றாள் மகள். பூனைக்கு நிறைய என்றாள். முதல் அலையிலேயே விழுந்து குடித்துவிட்டாளாம். பூனை பெருமையாகத் தலையாட்டினாள். விழுந்தும் அழவில்லை என்பது அவளுடைய கட்சி.

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஒரு மாதிரி வாடை அடிக்குதுன்னு யாருமே இறங்கலம்மா. நான்தான் எங்கம்மா பாத்துட்டாங்க, நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு மொதல்ல இறங்கினேன். அப்புறந்தான் எல்லாரும் வந்தாங்க."

அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள். குழந்தை முன்னால் அழுதால், அழுத காரணம் தான்தான் என்று குழந்தை நினைத்துவிடும். அதனால் எழுந்து, ஒவ்வொரு பெற்றோராகப் போய் நின்றாள். என்ன நடந்தது என்று சொன்னாள், நல்ல தண்ணீரில் குளிப்பாட்டச் சொன்னாள், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னாள், தன் எண்ணைக் கொடுத்தாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர், உங்க பிள்ளையும்தானே இறங்குச்சு என்று கேட்டார். ஆறுதலாகக் கேட்டாரா, குத்தலாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. தலைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, அவளோடு சேர்ந்து மற்ற பாதிக் கூட்டத்திடம் சொன்னார். உப்பு பார்க்கச் சொன்னது தான்தான் என்பதையும் விடாமல் சொன்னார். மத்தியானத்துக்குள் மண்மேட்டை வெட்டிவிட்டார்கள், குழாய் வாயில் சிமெண்ட் பூசினார்கள்.

அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பது அவள் தொழில். எத்தனை வருஷமாகத் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். இப்போது மகள் சாப்பிடுவதைப் பார்த்தாள், விளையாடுவதைப் பார்த்தாள், கழிவறைக்குப் போனால் வாசலில் நின்றாள். நெற்றியில் கைவைத்துக் கைவைத்து, சூடு யாருடையது என்றே தெரியாமல் போனது. என்னை இன்குபேட்டர்லேயே வச்சுடேன் என்று மகள் அலுத்துக்கொண்டாள். கணவன் சிரிக்கப் பார்த்து, மனைவியின் முகத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

திங்கள் காலை மகள் பசிக்கிறது என்று எழுந்தாள். முன்னைவிட இரண்டு பங்கு சாப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு உயிர் திரும்பியது. திரும்பிய கையோடு போன் அடித்தது. பூனையின் அம்மா.

விடியற்காலையிலிருந்து வாந்தி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் வீட்டிலிருந்து போன் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். தன் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வெளியே எடுக்கவே கூசியது.

வேலை முடிந்ததும் மருத்துவமனைக்குக் கிளம்பினாள். நானும் வருவேன் என்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

பூனை கையில் டிரிப் ஊசியோடு, கட்டிலில் பாதி இடம்கூட அடைக்காமல் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. இனி பயமில்லை, நாளை மறுநாள் வீட்டுக்கு விடுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். பூனையின் அம்மா எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். திட்டவில்லை.  திட்டியிருந்தால் தேவலை என்று இவளுக்குத் தோன்றியது.

பூனை கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப தண்ணி நல்லாயிடுச்சா? நம்ம போட்டி எப்போ?"

மகள் வாயைத் திறந்தாள். எப்போதும் டக்கென்று பதில் சொல்லும் பெண். இந்தத் தடவை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பூனையும் பார்த்தாள். பூனையின் அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

குழாயை அடைத்தாகிவிட்டது. கால்வாய் பழைய வழியில் போய்க்கொண்டிருக்கிறது. இன்று காலை அவள் எடுத்த தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. நல்லாயிருக்கு என்று சொல்ல எல்லாக் காரணமும் கையில் இருந்தது. அந்தச் சின்ன முகத்துக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் தெரிந்தது.

"எனக்குத் தெரியல கண்ணு," என்றாள். "நாளைக்குக் காலையிலதான் தெரியும்."